நினைவக மேலாண்மையில் பூட்டுப் போடுவது எப்படி: எக்ஸ்வி6 முதல் லினக்ஸ் வரை

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் இயங்குதளப் பாடத்தை முடித்து வரும் மாணவர்கள், செமஃபோர், உற்பத்தியாளர்–நுகர்வோர் கணக்கு, வங்கியாளர் அல்காரிதம் ஆகியவற்றைத் தேர்வில் எழுதும் அளவுக்கு நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அதே மாணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவதொரு நிறுவனத்தில் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) வேலையில் சேர்ந்து, ஒரே நினைவகப் பக்கம் இரண்டு ப்ராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) போய்விட்டதால் வந்த பிழையை முதன்முதலாகச் சந்திக்கும்போது, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் திகைத்துப் போகிறார். பாடத்தில் வரும் பஃபர் இருந்த இடத்திலேயே இருக்கும். நினைவக மேலாண்மையிலோ, பூட்டு காக்க வேண்டிய பொருளே நடுவில் விடுவிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போய்விடலாம். அதைப் பற்றிய பழைய செய்தியொன்றை வன்பொருள் தன்னிடம் வைத்திருக்கலாம். பூட்டைப் பிடித்துக்கொண்டே நினைவகம் கேட்டால், அந்தக் கோரிக்கை சுற்றி வளைத்து அதே பூட்டின் வாசலுக்கே வந்து நிற்கலாம்.

அந்த இடைவெளியை நிரப்பவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சி மொழியில் பாயிண்டர்களைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் ஓடும் மடிக்கணினி ஒன்றும், வேறொரு கணினியைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளும், ரிஸ்க்-ஃபைவ் செயலிக் கட்டமைப்புக்கான ஜிசிசி கம்பைலரும், ஜிடிபி பிழைத்திருத்தியும் வேண்டும். பயிற்சிக்கு எம்.ஐ.டி.யில் 2006-இல் வகுப்பறைக்கென எழுதப்பட்ட எக்ஸ்வி6 இயங்குதளத்தின் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலியும் இதே கட்டமைப்பைச் சார்ந்தது என்பதால், இங்கே கற்பது நம் ஊர்ப் பலகைகளில் வேலை செய்பவர்களுக்கும் வீண் போகாது.

முதலில் தாளில் எழுதுங்கள்

குறியீட்டைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பகிரப்படும் ஒவ்வொரு தரவுக்கும் நேரே, அட்டவணை போல மூன்று பத்திகளில், மூன்று செய்திகளை எழுதுங்கள்: அதை எந்தப் பூட்டு காக்கிறது, அந்தப் பூட்டு யார் கையிலும் இல்லாத நேரத்தில் அந்தத் தரவைப் பற்றி எது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும், அந்தப் பூட்டைக் கேட்கும்போது வேறு எந்தெந்தப் பூட்டுகள் ஏற்கெனவே கையில் இருக்கலாம். பெரும்பாலானவர்கள் முதல் பத்தியை மட்டும் மனத்திலேயே நிரப்பிக்கொண்டு மேலே போகிறார்கள். இரண்டாவதுதான் உயிர்நாடி. பூட்டு என்பது சில வரிகளைச் சுற்றிப் போடும் வேலி என்று நினைப்பவருக்கு, எந்த வரிகளை வெளியே விடலாம் என்று ஒருபோதும் தெரியாது.

எக்ஸ்வி6-இன் பக்க ஒதுக்கியை எடுத்துக்கொள்வோம். 128 எம்.பி. நினைவகத்தில் கெர்னல் பிடித்த இடம் போக மீதியை 4096 பைட் பக்கங்களாக வெட்டி, காலிப் பக்கங்கள் அனைத்தையும் ஒரே தொடர்பட்டியலில் கோத்து வைத்திருக்கிறது. அடுத்த காலிப் பக்கத்தைக் காட்டும் பாயிண்டரும் அந்தக் காலிப் பக்கத்தின் முதல் 8 பைட்டிலேயே இருக்கிறது. தனியாக இடம் தேவையில்லை. பட்டியலின் தலைப் பாயிண்டரை ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை கோர் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) காக்கிறது. நம் தாளின் இரண்டாவது பத்தியில் வர வேண்டியது இது: பட்டியலில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு முறை மட்டும் இருக்கும், பட்டியலில் உள்ள எந்தப் பக்கத்தையும் வேறு எவரும் பயன்படுத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதை எழுதிய பிறகு கே-ஃப்ரீ, கே-அலாக் என்ற இரு சார்புகளையும் படித்தால் ஒரு நுட்பம் புலப்படும். பக்கத்தை விடுவிக்கும் கே-ஃப்ரீ, பூட்டை எடுப்பதற்கு முன்பே பக்கம் முழுவதையும் 01 என்ற பைட்டால் நிரப்புகிறது. பக்கத்தை ஒதுக்கும் கே-அலாக், பூட்டை விட்ட பிறகே அதை 05 என்ற பைட்டால் நிரப்புகிறது. 4096 பைட் எழுதும் இந்த வேலை இரண்டிடத்திலும் பூட்டுக்கு வெளியே இருப்பதற்குக் காரணம், அந்தக் கணத்தில் அந்தப் பக்கம் பட்டியலில் இல்லை, ஒருவருக்கே சொந்தமாக இருக்கிறது என்பதுதான். உள்ளே இருப்பவை இரண்டு மூன்று பாயிண்டர் மாற்றங்கள் மட்டுமே. பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் குறைய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எதை வெளியே எடுக்கலாம் என்பதை அந்த இரண்டாவது பத்தியே சொல்லும்.

ரேஸை வரவழைத்துப் பார்த்தல்

இப்போது கே-அலாக், கே-ஃப்ரீ இரண்டிலும் பூட்டை எடுக்கும் வரியையும் விடும் வரியையும் நீக்கிவிட்டு, மூன்று கோர்களுடன் இயக்கி, யூசர்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பை ஓட விடுங்கள். பட்டியலில் முதலில் பக்கம் க, அடுத்தது ங, அடுத்தது ச என்று வைத்துக்கொள்வோம். முதல் கோர் தலைப் பாயிண்டரைப் படிக்கிறது, கிடைத்தது க. அது தலையை மாற்றுவதற்குள் இரண்டாவது கோரும் தலையைப் படிக்கிறது, அதற்கும் க. இருவரும் தலையை ங என்று மாற்றுகிறார்கள், இருவரும் க என்ற பக்கத்துடன் போகிறார்கள். விடுவிக்கும் பக்கத்தில் இதே பிழை வேறு முகம் காட்டும்: இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களைப் பட்டியலின் தலையில் சேர்த்தால், ஒன்று பட்டியலிலிருந்து நழுவிக் காணாமல் போகும். முதலாவது நினைவகத்தைக் கெடுக்கும், இரண்டாவது நினைவகத்தைக் கசிய விடும். ஒரே ரேஸ் கண்டிஷன்தான், அதாவது யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் நிலைதான், இரண்டுக்கும் வேர்.

தலையைப் படிப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவில் உள்ள இந்தச் சன்னல் சில கட்டளைகள் அகலம் மட்டுமே உடையது என்பதால் முதல் ஓட்டத்திலேயே பிழை தென்படாமல் போகலாம். அப்போது தலையைப் படிக்கும் வரிக்கும் மாற்றும் வரிக்கும் நடுவில், கம்பைலர் நீக்கிவிடாதபடி வாலட்டைல் மாறியை வைத்து, சில ஆயிரம் முறை சுற்றும் வெற்று வளையம் ஒன்றைச் சேருங்கள். ரேஸைத் தேடும்போது சன்னலை வேண்டுமென்றே அகலப்படுத்துவது குறுக்கு வழியன்று. சந்தேகத்துக்குரிய எந்த இடத்திலும் முதலில் செய்ய வேண்டியதே அதுதான். ஒரே கோரில் ஓட்டினால் பிழை வராது என்றும் எண்ண வேண்டாம். எக்ஸ்வி6-இல் பூட்டை எடுக்கும் சார்பு அந்தக் கோரின் இன்டரப்ட்டுகளையும் (ஓடும் வேலையை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்புகளையும்) நிறுத்திவிடுகிறது. பூட்டை நீக்கினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இரண்டு வரிகளுக்கு நடுவில் டைமர் இன்டரப்ட் வந்து ப்ராசஸ் மாறினால், ஒரே கோரிலும் அதே கதை நடக்கும், மிக அரிதாக.

விளைவைப் படிக்கவும் பழக வேண்டும். கெர்னல் விழுந்தபோது அச்சாகும் முகவரியோ, ஜிடிபியில் பார்க்கும் மாறியின் மதிப்போ பதினாறடிமானத்தில் 05 05 05 என்று நீண்டால், புதிதாக ஒதுக்கப்பட்ட பக்கத்தை எதுவும் எழுதாமல் படித்திருக்கிறீர்கள், அல்லது உங்களுடையது என்று நம்பிய பக்கம் வேறொருவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 01 01 01 என்று நீண்டால், விடுவித்த பக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் 8 பைட்டில் மட்டும் ஒழுங்கான முகவரியும் அதன் பிறகு 01-களும் இருந்தால், அந்தப் பக்கம் இப்போது காலிப் பட்டியலிலேயே இருக்கிறது.

கோருக்கு ஒரு பட்டியல்

எல்லாக் கோர்களும் ஒரே பூட்டுக்கு மோதுவதைத் தவிர்க்க, கோருக்கு ஒரு காலிப் பட்டியலும் அதற்கென ஒரு பூட்டும் வைப்பதே வழக்கமான அடுத்த படி. தன் பட்டியல் தீர்ந்துபோனால் அடுத்த கோரின் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எளிதாகத் தெரியும் இந்தப் படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

தரமணியில் சனிக்கிழமைகளில் சிலர் கூடி கெர்னல் குறியீடு படிக்கும் வழக்கம் உண்டு. அங்கே வந்த மாணவி ஒருவர் தம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, “காலேஜ் லேப்ல ஓடுது சார், என் லேப்டாப்ல மட்டும் பைப் டெஸ்ட்ல அப்படியே நின்னுடுது, பேனிக் கூட வரல” என்றார். ஜிடிபியை இணைத்துப் பார்த்தபோது, ஒரு கோர் பைப்பின் (இரு ப்ராசஸ்களுக்கு நடுவே தரவைக் கடத்தும் குழாயின்) ஸ்பின்லாக்குக்காக முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் புலத்தில் 1 இருந்தது. ஆனால் பூட்டின் பெயரைக் காட்டும் பாயிண்டரிலும், அதைப் பிடித்திருக்கும் கோரைக் காட்டும் பாயிண்டரிலும் 05 05 05 என்றே இருந்தது. அந்தப் பூட்டை எவருமே எடுத்திருக்கவில்லை. எக்ஸ்வி6 ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி, அதன் தொடக்கத்திலேயே பூட்டை வைக்கிறது. அதே பக்கம் வேறொருவருக்கும் ஒதுக்கப்பட்டு 05-களால் நிரப்பப்பட்டதும், பூட்டப்பட்டதைக் காட்டும் புலம் சுழி அல்லாத மதிப்பாகிவிட்டது. பூட்டைக் கேட்ட கோர் அதில் 1 என்று எழுதிவிட்டு, யாரும் விடப்போகாத பூட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

அவருடைய ஒதுக்கியைப் பார்த்தால், தன் சொந்தப் பட்டியலைத் தொடும் இடத்தில் இன்டரப்ட்டுகளை மட்டும் நிறுத்திவிட்டுப் பூட்டை விட்டுவிட்டிருந்தார். அடுத்தவர் பட்டியலிலிருந்து எடுக்கும் இடத்தில் மட்டும் பூட்டு இருந்தது. எடுப்பவர் பூட்டு கேட்கிறார், உரியவர் கேட்பதில்லை என்றால் அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை. ஆய்வகத்தில் எக்ஸ்வி6-ஐ ஒரே கோரில் இயக்கும்படி குறிப்புத் தாளில் எழுதியிருந்தார்களாம்; அங்கே கடன் வாங்க அடுத்த கோரே இல்லாததால் பிழையும் இல்லை. ரேஸ் பற்றிய பயிற்சிக்கு ஒற்றைக் கோர் அமைப்பைக் கொடுப்பது எனக்கு விளங்காத செயல்.

சரியாகச் செய்யும் முறை இது. முதலில் இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டு, எந்தக் கோரில் இருக்கிறோம் என்று கேளுங்கள். பிறகு தன் பட்டியலின் பூட்டை எடுத்து, பக்கம் இருந்தால் எடுத்துக்கொண்டு பூட்டை விடுங்கள். இல்லையென்றாலும் முதலில் தன் பூட்டை விட்டுவிட வேண்டும். அதன் பின்னரே அடுத்த கோரின் பூட்டை எடுக்க வேண்டும். தன் பூட்டைப் பிடித்தபடியே அடுத்ததைக் கேட்டால், எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தக் கோரும் அதே வேலையைச் செய்யும் நாளில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும், அதுதான் டெட்லாக். இரண்டு பூட்டுகளும் ஒரே நேரத்தில் தேவைப்படும் வடிவமைப்பாக இருந்தால், எண் குறைந்த கோரின் பூட்டையே எப்போதும் முதலில் எடுப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. அது பாடங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு கோர் மற்றவற்றின் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகையில், அது ஏற்கெனவே பார்த்து முடித்த பட்டியலுக்குள் யாராவது பக்கத்தை விடுவிக்கலாம். அல்லது வேறொரு கோர் பாதிப் பட்டியலை மொத்தமாக எடுத்துக்கொண்டு இன்னும் தன் பட்டியலில் சேர்க்காமல் இருக்கலாம். அந்தக் கணத்தில் பக்கங்கள் இருந்தும் ‘நினைவகம் இல்லை’ என்று கே-அலாக் சொல்லிவிடும். எந்தத் தரவும் கெடவில்லை, ஆயினும் விடை தவறு. அரிதாக வரும் அந்தத் தவறான விடையை ஏற்றுக்கொள்கிறீர்களா, அல்லது கடன் வாங்குவதற்கென்று தனியாக ஒரு பொதுப் பூட்டு வைக்கிறீர்களா என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

பூட்டே வேண்டாம், தலைப் பாயிண்டரை நடுவில் எவரும் புக முடியாதபடி ஒப்பிட்டு மாற்றும் அணுநிலைக் கட்டளை போதும் என்று சிலர் முயல்வார்கள். ஒரு கோர் தலை க என்றும் அடுத்தது ங என்றும் படித்து நிற்கும் வேளையில், இன்னொரு கோர் க-வையும் ங-வையும் எடுத்துவிட்டு, க-வை மட்டும் திருப்பிப் போடுகிறது என்று வையுங்கள். முதல் கோர் திரும்பி வந்து பார்த்தால் தலை இன்னும் க-தான், ஒப்பீடு தேறுகிறது, பயன்பாட்டில் இருக்கும் ங பட்டியலின் தலையாகிவிடுகிறது. லினக்ஸின் ஸ்லப் ஒதுக்கி பூட்டில்லாத வேகப் பாதையில் பாயிண்டரோடு ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணொன்றையும் சேர்த்தே ஒப்பிடுவது இதற்காகத்தான்.

பகிர்ந்த பக்கத்தை எண்ணுதல்

ஒரு ப்ராசஸ் தன்னைப் போல இன்னொன்றை உருவாக்கும் ஃபோர்க் அழைப்பின்போது எல்லாப் பக்கங்களையும் நகலெடுக்காமல், தாயும் சேயும் ஒரே பக்கத்தைப் படிக்க மட்டும் பகிர்ந்துகொண்டு, எழுத முனைபவருக்கு மட்டும் நகல் கொடுப்பது காப்பி-ஆன்-ரைட் முறை. ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும், 128 எம்.பி.க்கு 32,768 உறுப்புகள் கொண்ட வரிசை போதும்.

எண்ணிக்கையை ஒன்று குறைப்பதும், அது சுழியாகிவிட்டதா என்று பார்ப்பதும் ஒரே பூட்டுக்குள், பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் செய்தால், எண்ணிக்கை 2-ஆக இருக்கும் பக்கத்தை இரு கோர்கள் குறைத்து, பின்னர் இருவருமே சுழியைக் கண்டு, இருவருமே விடுவிப்பார்கள். ஒரே பக்கம் காலிப் பட்டியலில் இரண்டு முறை ஏறும். அடுத்து, நகலெடுத்து முடித்த பிறகே பழைய பக்கத்தின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வரிசையை மாற்றினால், மற்றவர் எண்ணிக்கை 1 என்று கண்டு, தாம் மட்டுமே உரியவர் என நம்பி அதில் நேரடியாக எழுதத் தொடங்குவார். உங்கள் நகலில் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும். இருவரும் 2 என்று கண்டு இருவருமே நகலெடுத்தால் ஒரு நகல் வீணாகும், அவ்வளவுதான். அதைத் தடுக்கப் பெரிய பூட்டுப் போட வேண்டியதில்லை.

பயனர் எழுதும்போது வன்பொருள் பிடித்துக் கொடுக்கும் பிழையை மட்டும் கையாண்டால் போதாது என்பதும் நினைவிருக்கட்டும். கெர்னல் பயனருக்காக அவருடைய பக்கத்தில் எழுதும் காப்பி-அவுட் போன்ற பாதைகளில் வன்பொருளின் அந்தத் தடை குறுக்கே வராது; அங்கேயும் நீங்களே சோதிக்க வேண்டும். லினக்ஸின் மிகப் புகழ்பெற்ற நினைவக ரேஸ் இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் நுழைந்தது. அதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

டி.எல்.பி.யும் விடுவிக்கும் வரிசையும்

எக்ஸ்வி6-இல் ஒரு ப்ராசஸுக்கு ஒரே இழைதான் (த்ரெட்) என்பதால், எந்த முகவரி எந்த நினைவகப் பக்கத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அதன் பயனர் பக்க அட்டவணையை ஒரு நேரத்தில் ஒரு கோரே பயன்படுத்தும். லினக்ஸில் ஒரே அட்டவணையைப் பல கோர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு கோரும் அந்த அட்டவணையில் பார்த்த பதிவுகளை டி.எல்.பி. என்ற தன் சிறு தற்காலிக நினைவகத்தில் நகலாக வைத்திருக்கிறது. நீங்கள் பிடித்திருக்கும் எந்தப் பூட்டையும் டி.எல்.பி. மதிப்பதில்லை.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மாநகரப் பேருந்தின் தடத்தை மாற்றும்போது, பணிமனையின் பதிவேட்டில் தடத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. பழைய நிறுத்தங்களில் உள்ள பலகைகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதன் பிறகே அந்த இடத்தைத் தோண்டக் கொடுக்க வேண்டும். பக்கத்தை விடுவிப்பதற்கும் இதே வரிசைதான். முதலில் பக்க அட்டவணையில் உள்ள பதிவை நீக்குங்கள். அடுத்து, அந்த அட்டவணையைப் பயன்படுத்தும் எல்லாக் கோர்களின் டி.எல்.பி.யிலிருந்தும் அதை அழியுங்கள். கடைசியாகத்தான் பக்கத்தை ஒதுக்கியிடம் திருப்பிக் கொடுங்கள். லினக்ஸில் எம்.எம்.யூ.-கேதர் என்ற அமைப்பு, நீக்கிய பக்கங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, டி.எல்.பி. அழிப்பு முடிந்த பின்னரே மொத்தமாக விடுவிக்கிறது.

இந்த வரிசை வழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் சரிசெய்யப்பட்ட எம்ரீமேப் பிழை சாட்சி. நினைவகப் பகுதியை வேறு முகவரிக்கு நகர்த்தும் அந்த அழைப்பு, டி.எல்.பி.யை அழிப்பதற்கு முன்பே பக்க அட்டவணைப் பூட்டுகளை விட்டுவிட்டது. அந்த இடைவெளியில் இன்னொரு இழை பக்கத்தை விடுவிக்க வைத்துவிட்டால், பழைய முகவரியின் வழியே விடுவித்த பக்கத்தில் தொடர்ந்து எழுத முடிந்தது.

எக்ஸ்86-இல் மற்ற கோர்களின் டி.எல்.பி.யை அழிக்க அவற்றுக்கு இன்டரப்ட் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதே பொது வழக்கம். அப்படிக் காத்திருக்கும்போது உங்கள் கையில் ஒரு ஸ்பின்லாக் இருந்து, எதிர்க் கோர் தன் இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டு அதே ஸ்பின்லாக்குக்காகச் சுற்றிக்கொண்டிருந்தால், உங்களுக்குப் பதில் வரப்போவதில்லை, அதற்குப் பூட்டும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே இன்டரப்ட்டுகளை நிறுத்தி எடுக்கப்படும் எந்த ஸ்பின்லாக்கையும் பிடித்துக்கொண்டு இந்தக் காத்திருப்பில் இறங்காதீர்கள்.

லினக்ஸின் பூட்டுகளைப் படிக்கும் முறை

லினக்ஸில் ஒரு ப்ராசஸின் முகவரி வெளியை எம்மேப் பூட்டு காக்கிறது. 2020-இல் வந்த 5.8 பதிப்பு வரை அதற்கு எம்மேப்-செம் என்று பெயர். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் காண்பீர்கள். பலர் ஒரே நேரத்தில் படிப்பதற்காகவும் ஒருவர் மட்டும் எழுதுவதற்காகவும் எடுக்கக்கூடிய பூட்டு அது. அதன் காப்பில் இருப்பது வி.எம்.ஏ. என்னும் நினைவகப் பகுதிகளின் பட்டியல். தனித்தனிப் பக்க அட்டவணைப் பதிவுகளைக் காப்பது வேறு பூட்டு. இந்த வேறுபாட்டைத் தாளில் எழுதாதவர்களுக்கு, முன்பு குறிப்பிட்ட புகழ்பெற்ற ரேஸான டர்ட்டி கவ் ஒருபோதும் புரியாது.

2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து 2016 அக்டோபர் வரை இருந்த அந்தப் பிழையை இப்படிப் படியுங்கள். எழுத அனுமதியில்லாத ஒரு கோப்பைப் பயனர் தனிப்பட்ட முறையில் தன் முகவரி வெளியில் இணைக்கிறார். ஓர் இழை, தன் நினைவகத்தையே கோப்பாகக் காட்டும் ப்ராக் வாசல் வழியாக அங்கே எழுதச் சொல்கிறது. இன்னோர் இழை, அந்தப் பகுதி இனித் தேவையில்லை என்று மேட்வைஸ் அழைப்பின் மூலம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுதும் பாதையில் கெர்னல் முதலில் தனி நகலை உருவாக்குகிறது. நகல் கிடைத்துவிட்டது என்பதால் ‘எழுதுவதற்காக’ என்ற குறியை நீக்கிவிட்டுப் பக்கத்தை மீண்டும் தேடுகிறது. அந்த இடைவெளியில் மேட்வைஸ் நகலைத் தூக்கி எறிந்துவிட்டால், இந்த முறை படிப்பதற்கான தேடலாக நடந்து, கோப்பின் மூலப் பக்கமே கிடைக்கிறது. எழுத்து அதில் விழுகிறது. இரண்டு இழைகளும் எம்மேப் பூட்டை வைத்திருந்தன, இரண்டுமே படிப்பதற்காக. பூட்டு தன் வேலையைச் சரியாகவே செய்தது. இந்த ரேஸ் நடந்த இடம் அதன் காப்பில் இல்லை. ‘நகலெடுத்தாயிற்று’ என்பதைத் தனிக் குறியாக வைத்துக்கொண்டு, கிடைத்த பதிவு உண்மையிலேயே அந்த நகல்தானா என்று மறுபடி சோதிப்பதே தீர்வாக வந்தது.

இந்த மறுசோதனை உங்கள் கைப்பழக்கமாக வேண்டும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு உறங்க (கோரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க) கூடாது. நினைவக ஒதுக்கீடோ உறங்கக்கூடியது. ஆகவே பக்கப் பிழையை (அட்டவணையில் இல்லாத அல்லது அனுமதியில்லாத பக்கத்தைத் தொடும்போது வன்பொருள் எழுப்பும் பிழையை) கையாளும் குறியீடு பதிவைப் படித்துக்கொள்கிறது, பூட்டை விடுகிறது, புதிய பக்கத்தை ஒதுக்குகிறது, பூட்டை மீண்டும் எடுத்து, பதிவு முன்பு படித்தது போலவே இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. மாறியிருந்தால் புதிய பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. பூட்டை ஒரு கணம் விட்டாலும், அதற்கு முன் அறிந்த எல்லாவற்றையும் அறியாதது போலவே நடத்துங்கள்.

ஒதுக்கீட்டில் இன்னொரு பொறியும் உண்டு. நினைவகம் குறையும்போது கெர்னல் பக்கங்களை மீட்டெடுக்க முனையும். அதற்காகக் கோப்பு முறைமையை அழைக்கலாம். நீங்களே கோப்பு முறைமைக்குள் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு சாதாரண ஒதுக்கீடு கேட்டிருந்தால், மீட்பு வேலை சுற்றி வந்து உங்கள் பூட்டையே கேட்கும். அத்தகைய இடங்களில் கோப்பு முறைமைக்குள் நுழையாமல் ஒதுக்கும்படி சொல்லும் நோ-எஃப்.எஸ். வகையைப் பயன்படுத்துங்கள்.

எந்தப் பூட்டுக்குப் பிறகு எதை எடுப்பது என்பதை லினக்ஸ் உருவாக்குநர்கள் எம்.எம். கோப்புறையில் உள்ள ஆர்மேப் கோப்பின் தலையிலேயே ஒரு மரமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: ஐநோடின் (கோப்பைக் குறிக்கும் கெர்னல் அமைப்பின்) பூட்டு வெளியே, அதற்குள் எம்மேப் பூட்டு, அதற்குள் பக்கத்தின் பூட்டு, பிறகு பக்கத்திலிருந்து அட்டவணைக்குத் திரும்பிப் போக உதவும் அமைப்புகளின் பூட்டுகள், அவற்றுக்கும் உள்ளே பக்க அட்டவணைப் பூட்டு. அதை அச்சிட்டு மேசையருகே ஒட்டிக்கொள்வது நல்லது.

2022 இறுதியில் வந்த 6.1 பதிப்பில் வி.எம்.ஏ.க்களை வைத்திருந்த சிவப்பு–கருப்பு மரத்துக்குப் பதிலாக மேப்பிள் மரம் வந்தது. ஸ்டாக் வளரும்போது எம்மேப் பூட்டைப் படிப்பதற்காக மட்டும் எடுப்பது பழைய வழக்கம். பழைய மரத்தில் ஓர் எண்ணை இருந்த இடத்திலேயே மாற்றினால் போதும் என்பதால் அது ஒத்துவந்தது. மேப்பிள் மரமோ சில வேளைகளில் ஒரு கணுவையே புதியதால் மாற்றிப் பழையதை விடுவிக்கும். அதே நேரத்தில் படித்துக்கொண்டிருக்கும் இன்னோர் இழை விடுவித்த கணுவில் நிற்கும். 2023-இல் ஸ்டாக்ராட் என்ற பெயரில் இது வெளிவந்தது. ஸ்டாக் வளரும்போது எழுதுவதற்கான பூட்டையே எடுக்க வேண்டும் என்று மாற்றினார்கள். தரவமைப்பை மாற்றும் நாளில், தாளில் எழுதிய மூன்று பத்திகளையும் முதலிலிருந்து எழுதுங்கள். அதே ஆண்டு 6.4 பதிப்பில், பக்கப் பிழைகள் எம்மேப் பூட்டுக்கு மோதாமல் இருக்க வி.எம்.ஏ. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு வந்தது. அது கிடைக்காதபோது குறியீடு பழைய எம்மேப் பூட்டுக்கே திரும்புகிறது.

கருவிகள்

சோதனைக்கென்று தனி லினக்ஸ் கெர்னலைத் தொகுத்து, அதில் பூட்டுகளை எடுக்கும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப்பையும், உறங்கக் கூடாத அணுநிலையில் உறங்குவதைக் கண்டுபிடிக்கும் தெரிவையும், விடுவித்த நினைவகத்தைத் தொடுவது போன்ற பிழைகளைப் பிடிக்கும் கேசானையும் இயக்கி வையுங்கள். 2006-இல் 2.6.18 பதிப்புடன் வந்த லாக்டெப்பின் சிறப்பு, டெட்லாக் நடக்கும் வரை அது காத்திருப்பதில்லை என்பது. ஒரு நாள் க-வுக்குப் பின் ங, வேறொரு நாள் ங-வுக்குப் பின் க என்று எடுத்தாலே, இரண்டும் மோதாவிட்டாலும் சுழல் இருக்கிறது என்று எச்சரிக்கும். அந்த அறிக்கையில் கடைசியாக அச்சாகும் அழைப்பு வரிசையை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள். சுழலின் மறுபாதி மேலே, முன்பு எப்போதோ பதிவான வரிசையில் இருக்கும்.

கியூஎமுவில் தேறிவிட்டது என்பதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவும் கூடாது. மடிக்கணினி எக்ஸ்86 வகை என்றால், அதன் நினைவக வரிசை விதிகள் ரிஸ்க்-ஃபைவின் விதிகளைவிடக் கடுமையானவை. நினைவக அணுகல்கள் வரிசை மாறாமல் காக்கும் தடைக் கட்டளை ஒன்றை நீங்கள் மறந்திருந்தாலும் அங்கே ஓடிவிடும், உண்மையான பலகையில் விழும். எக்ஸ்வி6-இன் பூட்டு எடுக்கும் சார்பில் அணுநிலைப் பரிமாற்றத்தை அடுத்து ஒரு தடையும், விடும் சார்பில் பரிமாற்றத்துக்கு முன் ஒரு தடையும் இருப்பதைப் பார்த்து, உங்கள் சொந்தப் பூட்டிலும் இரண்டும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

பூட்டே இல்லாமல் இரு இழைகள் ஒரே மாறியைத் தொடும் இடங்களைக் கண்டுபிடிக்க, 2020-இல் 5.8 பதிப்புடன் வந்த கேசிசான் உதவும். அது சில நினைவக அணுகல்களை மட்டும் தேர்ந்து, அங்கே சற்று நேரம் நின்று, வேறு யாராவது அதே இடத்தைத் தொடுகிறார்களா என்று பார்க்கிறது. நாம் முன்பு கையால் சேர்த்த வெற்று வளையத்தின் வேலையைக் கெர்னல் முழுவதும் செய்கிறது என்று கொள்ளலாம். மாதிரியெடுத்துப் பார்ப்பதால், ஒரு முறை ஓடி எச்சரிக்கை வராததைக் கொண்டு முடிவு கட்டாமல் நீண்ட நேரம் ஓட விட வேண்டும். எச்சரிக்கை வந்ததும் அந்த மாறியைச் சுற்றி ரீட்-ஒன்ஸ் என்ற மேக்ரோவைப் போட்டு வாயை அடைப்பது புதியவர்கள் பலரிடம் காணப்படும் பழக்கம். அது கம்பைலர் அந்தப் படிப்பை இரண்டாகப் பிளப்பதையோ திரும்பச் செய்வதையோ தடுக்கும். இரண்டு மாறிகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்ற உங்கள் விதியை அது காக்காது. அந்த மாறிக்கு நேரே தாளில் எந்தப் பூட்டின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பூட்டு அந்த வரியில் கையில் இருக்கிறதா என்பதை லாக்டெப்-அசர்ட்-ஹெல்ட் சோதனையைச் சேர்த்துக் கெர்னலிடமே கேளுங்கள். பூட்டே வேண்டாம் என்று முடிவு செய்தால், ஏன் வேண்டாம் என்பதை அந்த வரிக்கு மேல் குறிப்புரையாக எழுதிவிட்டு, அதன் பிறகு ரீட்-ஒன்ஸைப் போடுங்கள்.